மேட்டூர்: 120 அடித் தண்ணீரும் அதன் பங்காளிகளும்

மேட்டூர் அணையைத் தமிழ்நாட்டில் பாதிப்பேர் பெட்டிச் செய்தியாகத்தான் அறிவார்கள். நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டிஎம்சி, வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. வானொலியில் காலையில் படிப்பார்கள், நாளிதழில் ஓரத்தில் போடுவார்கள், இப்போது வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. நான் அணைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவன், இப்போதும் இங்கேதான் இருக்கிறேன். ஆனாலும் அந்த எண்களை உள்ளூர்க்காரர்களைவிட ஆர்வமாகப் பார்ப்பவர் மன்னார்குடிக்குத் தெற்கே இருக்கும் என் மாமனார்தான்.

மே மாதம் பிறந்தால் போதும், போன் வரும். நலம் விசாரிப்பதெல்லாம் அப்புறம்.

"என்ன மாப்ள, எத்தனை அடி நிக்கிது?"

"பேப்பர்லயே போட்டிருப்பானே மாமா."

"பேப்பர் கெடக்கு. நீங்க பாத்தீங்களா? பாத்தா எப்படி இருக்கு?"

அணையின் சாவி என் இடுப்பில் தொங்குகிற மாதிரிதான் பேசுவார். அவர் கவலைக்குக் காரணம் இருக்கிறது. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் போய்விடும், முதல் போகமான குறுவை நெல் நிச்சயம். தள்ளிப்போனால் குறுவை போச்சு, அடுத்த போகமான சம்பாவை நம்ப வேண்டியதுதான். ஜனவரி 28 வரை திறந்திருக்க வேண்டும் என்பது மரபு. இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் டெல்டாவில் கல்யாணம், கடன், நகை மீட்பு எல்லாமே. 2022-ல் மே 24 அன்றே திறந்தார்கள். அந்த வருடம் அவர் போனில் பேசிய குரலே வேறு. 2024-ல் ஜூலை 28 வரை திறக்கவில்லை. அந்த வருடக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு நான் பல தடவை விளக்கிப் பார்த்த ஒன்று, அடிக்கணக்கு ஏமாற்றும் என்பது. அணையின் உட்புறம் வாணலி மாதிரி, அடியில் குறுகல், மேலே போகப் போக விரிவு. முழுக் கொள்ளளவான 120 அடியில் 93.47 டிஎம்சி. 100 அடியில் 65 டிஎம்சிக்குச் சற்றுக் குறைவு. அதாவது மேலே இருக்கும் 20 அடியில் மட்டும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குத் தண்ணீர் நிற்கிறது. கீழே 60 அடியில் இருப்பு 25 டிஎம்சியை ஒட்டித்தான். "பாதி அணை நெறஞ்சிருக்கு" என்று 60 அடியைப் பார்த்துச் சொல்பவர்கள், உண்மையில் கால் அணையைத்தான் சொல்கிறார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. டெல்டாவுக்கு விநாடிக்கு 20,000 கன அடி திறந்தால் ஒரு நாளைக்கு 1.7 டிஎம்சிக்கு மேல் போகும். மேலே இருந்து ஒரு சொட்டும் வராவிட்டால், நிரம்பி வழிகிற மேட்டூர் இரண்டு மாதம்கூடத் தாங்காது. ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை ஏழரை மாதம். மீதி முழுக்க கர்நாடகத்து மழையும், அங்கிருந்து எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலு வழியாக வருவதும், கடைசியில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து கொடுக்க வேண்டியது. அணை நிரம்பினால் பட்டாசு வெடிப்பது சரிதான். அதை வைத்து ஒரு வருட விவசாயத்துக்கு உறுதி கொடுக்க முடியாது.

இதை எல்லாம் கேட்டுவிட்டு மாமனார் சொல்வார்: "அது சரி மாப்ள. எப்பத் தொறப்பான்?"

1925-ல் வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று திறந்த அணை இது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம். வடிவமைத்த பொறியாளர் எல்லிஸின் பெயர் உபரிநீர்ப் போக்கிக்கும் பக்கத்துப் பூங்காவுக்கும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் வாயில் அந்தப் போக்கி பதினாறு கண்தான். காவிரித் தகராறு என்றாலே கர்நாடகமும் தமிழ்நாடும் மோதும் காட்சிதான் மனதில் வரும். ஆனால் இந்த அணையைக் கட்டியதே ஒரு ஒப்பந்தத்தால்தான். மைசூரும் சென்னை மாகாணமும் 1924-ல் கையெழுத்திட்டதால் அங்கே ஏற்கெனவே கட்டத் தொடங்கியிருந்த கிருஷ்ணராஜ சாகர் முழு உயரத்துக்கு எழுந்தது, இங்கே மேட்டூர் வந்தது. கட்டுமான வேலைக்கான மின்சாரமும் மைசூர் ராஜ்ஜியத்தின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து வாங்கியது. இதைச் சொன்னால் இன்று இரண்டு பக்கமும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த 1924 ஒப்பந்தம் ஐம்பது வருடத்தில் பேசித் திருத்திக்கொள்ள வேண்டியது. பேச்சு நீண்டு, 1990-ல் நடுவர் மன்றம், 1991-ல் கர்நாடகம் வருடத்துக்கு 205 டிஎம்சி தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு, 2007-ல் 192 டிஎம்சி என்று இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. இந்த எண்களை எங்கள் ஊர் டீக்கடையில் தூங்குகிறவனை எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். இதைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். நான் அணைக்குள்ளேயே இருக்கும் பங்காளிகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

முழுக்க நிரம்பினால் நீர் பரவும் இடம் சுமார் 59 சதுர மைல். அவ்வளவும் வெறும் காடு இல்லை. காவேரிபுரம், பண்ணவாடி, கோட்டையூர் என்று ஊர்கள் இருந்தன. மக்கள் மேட்டுக்கு ஏறி அதே பெயரில் புது ஊர் போட்டுக்கொண்டார்கள். பழைய ஊரில் கோயில் உள்ளேயே நின்றுவிட்டது. நீர்மட்டம் 70 அடியை ஒட்டி இறங்கினால் பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியின் தலை தெரியும். இன்னொரு பக்கம் பழைய கிறிஸ்தவக் கோயிலின் கோபுரம். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுப்பார்கள், "நந்தி தெரிந்தது" என்று செய்தி வரும். டெல்டாவுக்கு அது கெட்ட செய்தி. பண்ணவாடியில் சிலர் நந்திக்குப் பூ வைத்துக் கும்பிட்டுவிட்டு வருவார்கள்.

ஒரு கோடையில் மாமனார் வந்திருந்தபோது அவரை அங்கே கூட்டிப் போனேன். நந்தியைப் பார்க்கத்தான். ஆனால் அவர் கண் போனது கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மேல். மீனவர்களில் பலரும் இந்தக் கரையோர ஊர்க்காரர்கள்தான். நிலம் தண்ணீருக்குள் போனதும் தண்ணீரையே நிலமாக்கிக்கொண்டவர்களின் பேரப்பிள்ளைகள். மீன்துறை லைசென்ஸ் கொடுக்கிறது, கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. சாயங்காலம் பரிசலில் போய் வலை கட்டிவிட்டு விடியற்காலையில் எடுப்பார்கள். பரிசல் முன்பு மூங்கில் பின்னித் தோல் போர்த்தியது, இப்போது ஃபைபர்.

மாமனார் வழக்கம்போல ஆரம்பித்தார்.

"தண்ணி இப்படி வத்திக் கெடக்கே, உங்க பொழப்பு எப்படிங்க ஓடுது?"

பெரியவர் சிரித்தார். "இப்பதானுங்க ஓடுது. தண்ணி நெறைய நின்னா மீனு எங்க கெடக்குதுன்னே தெரியாது. எறங்க எறங்கத்தான் வலைக்கு வரும்."

"அட, அப்ப நீங்களும் நம்ம கட்சி. தொறந்து வுடணும்ங்கிறீங்க."

"தொறந்து வுடுங்க சாமி, வேண்டாங்கல. ஒரேயடியாத் தொடச்சு எடுத்துட்டுப் போயிடாதீங்க. அடுத்த வருசத்துக்குத் தாய் மீனு வேணுமில்லீங்களா?"

மாமனார் கொஞ்ச நேரம் பேசவில்லை. தண்ணீர் கீழே போக வேண்டும் என்பதில் இரண்டு பேரும் ஒரே கட்சி. எதுவரை போகலாம் என்பதில்தான் வழக்கு. டெல்டாவுக்கு ஜனவரியில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கடைசி நனைப்பு வேண்டும். அப்போது அணையில் 40 அடி இருந்தாலும் 30 அடி இருந்தாலும் அதையும் விடு என்பார்கள். மீனுக்கு மே மாதத்து வெயிலில் ஒதுங்க ஆழம் வேண்டும். இந்த வழக்கை விசாரிக்க எந்த ஆணையமும் இல்லை. நீர் திறப்பு பற்றிய கூட்டங்களில் விவசாயிகள் சங்கப் பிரதிநிதி பேசுவதைப் பார்த்திருக்கிறேன். மீனவர் பேசிச் செய்தி வந்ததாக நினைவில்லை.

மீனிலும் உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் உண்டு. இன்று மேட்டூர் மீன் என்று ஈரோடு, சேலம் சந்தைகளில் விற்பதில் பெரும்பங்கு கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. ஒன்றுகூடக் காவிரியில் பிறந்த இனம் இல்லை. முதல் மூன்றும் கோதாவரிக்கும் அதற்கு வடக்கேயும் உள்ள ஆறுகளின் மீன்கள், ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. எல்லிஸ் பூங்காப் பக்கம் அரசு மீன்விதைப் பண்ணையில் வளர்த்து விரல் நீளக் குஞ்சுகளாக அணையில் விடுகிறார்கள். காவிரியின் பழைய மீன்களான வெண்கெண்டை, கருமுழிக் கெண்டை எல்லாம் ஒரு காலத்தில் இங்கே வலை நிறைய வந்த மீன்கள். இப்போது கருமுழி எப்போதாவது கிடைத்தால் விற்பதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். ஓடும் தண்ணீரில் வாழப் பழகியவை அவை, நின்ற நீர் ஒத்துவரவில்லை. கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறி வரும் உல்லம் மீனின் கதை இன்னும் மோசம். வங்காளிகள் ஹில்சா என்று உயிரை விடுகிறார்களே, அதேதான். காவிரியிலும் கொள்ளிடத்திலும் வெள்ளக் காலத்தில் ஏறியது. கொள்ளிடத்தில் முன்பே கட்டிய அணைகள் வழியை மறித்தன, மேட்டூர் வந்து வெள்ளத்தையே பிடித்து வைத்துக்கொண்டது. ஏறுவதற்கு ஆறு கூப்பிட வேண்டுமே.

மாமனாருக்கு இதில் அக்கறை இல்லை. டெல்டாக்காரர், விரால்தான் மீன் என்ற கொள்கை உடையவர். அணை முனியப்பன் கோயில் பக்கம் மிளகாய்த்தூள் தடவி வறுத்த கட்லாத் துண்டை வாங்கிக் கொடுத்தேன். "முள்ளு பெருசு, பரவால்ல" என்று மூன்று துண்டு சாப்பிட்டார். ஆடிப்பெருக்கு அன்று அந்த இடத்தில் கால் வைக்க முடியாது. கோழி அறுப்பார்கள், கிடா வெட்டுவார்கள், மீன் வறுவல் புகையில் அணையே தெரியாது.

மின்சாரத்தைப் பற்றி என் அப்பா சொன்னதுதான் எனக்குத் தெரிந்த சிறந்த விளக்கம். அவர் மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். "நாங்க கரண்ட் எடுக்கறதுக்காகத் தண்ணி விடறதில்லடா. தண்ணி விடறப்ப கரண்ட் எடுத்துக்கறோம்" என்பார். மேட்டூரின் நீர்மின்சாரத்துக்கு அதற்கு மேல் உரிமை கிடையாது. அணையின் அடியிலேயே அணை மின்நிலையம், 50 மெகாவாட், 1937-ல் தொடங்கியது. 1960-களில் வந்தது சுரங்க மின்நிலையம், நான்கு எந்திரங்கள், ஒவ்வொன்றும் 50 மெகாவாட். டெல்டாவுக்கான தண்ணீர் முதலில் இந்த இரண்டுக்குள்ளும் புகுந்து டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் ஆற்றுக்குப் போகும். இரண்டும் சேர்ந்து விநாடிக்கு 20,000 கன அடிக்குச் சற்று மேல் விழுங்கும். அதைத் தாண்டி வந்தால்தான் பதினாறு கண். டெல்டாவில் மழை பெய்து "தண்ணியை நிறுத்து" என்றால் இங்கே எந்திரம் நின்றுவிடும், அன்றைக்கு மின்தட்டுப்பாடு இருந்தாலும் சரி. தண்ணீர் அளவு மட்டுமல்ல, உயரமும் வேண்டும். நீர்மட்டம் இறங்க இறங்க அதே கன அடிக்குக் கிடைக்கும் மின்சாரமும் இளைத்துக்கொண்டே போகும்.

பக்கத்திலேயே அனல்மின் நிலையம், பழையது 840 மெகாவாட், புதியது 600. கரி எரிக்கிறது என்றாலும் குளிர்விக்க அதுவும் இந்த அணைத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. ஆக நீர்மின்சாரத்தைவிட நிலக்கரி மின்சாரத்துக்குத்தான் மேட்டூர் வருடம் முழுக்கத் தேவைப்படுகிறது. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அணைக்குக் கீழேயும் விடவில்லை. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று ஆற்றின் குறுக்கே கதவணைகள், ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட். ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறார்கள். அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார், பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் மேட்டூரிலிருந்து பவானி வரை இப்போது ஆறு என்று சொல்வதற்கு இல்லை. வரிசையாகக் குளங்கள். நாங்கள் சின்ன வயதில் மணலில் ஓடிய இடங்களில் வருடம் முழுக்கப் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அணையின் மேல்பக்கம் கொளத்தூர்க் கரையில் சில வருடங்களில் பாசி படிந்து நாற்றம் தாங்காமல், நுண்ணுயிரிக் கரைசல் தெளிக்கும் நிலையும் வருகிறது. அந்தக் கரையில் குடியிருப்பவர்களிடம் போய் 200 மெகாவாட் கணக்குச் சொல்ல முடியாது.

குடிநீர் இந்தப் பங்காளிகளில் கடைசியாக வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்தது. 1934-ல் இது பாசன அணை. இன்று சேலம் மாநகரம் இதைக் குடிக்கிறது. குழாயில் ஏறி வேலூர், திருப்பத்தூர் வரை போகிறது. ஆற்றில் இறங்கிக் கொள்ளிடம், கீழணை, வடவாறு, வீராணம் என்று சுற்றிச் சென்னைக்கும் போகிறது. பாசனத்துக்கு அடைத்த பிறகும் குடிநீருக்கு என்று விநாடிக்கு 1,000, 1,500 கன அடி ஆற்றில் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது நியாயம்தான். பெரியவர் கேட்ட "தாய் மீனுக்கான" ஆழம் ஓரளவு மிஞ்சுவதும் குடிநீர்க் கணக்கின் தயவில்தான். அணையைத் துடைத்து எடுக்க முடியாமல் இருப்பது சென்னைக்காரர்கள் தாகத்தால் என்று பண்ணவாடியில் யாருக்கும் தோன்றியிருக்காது.

இதில் ஒரு பங்கும் இல்லாதவர்கள் அணைக்கு ஒட்டினாற்போலவே இருப்பவர்கள். கொளத்தூர் வட்டாரம் மானாவாரி பூமி. கண்ணுக்கெட்டும் தூரம் தண்ணீர், பார்த்துக்கொண்டே இருக்கலாம். சேலம், ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்கு மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்கள் உண்டு. அவை அணைக்குக் கீழே இருக்கும் நிலங்களுக்கு. உபரி நீரை இறைத்துச் சேலம் மாவட்டத்து வறண்ட 100 ஏரிகளை நிரப்பும் சரபங்கா திட்டம் 2021-ல்தான் தொடங்கியது, அதுவும் அணை நிரம்பி வழிந்தால் மட்டும். அந்த நிபந்தனை எனக்குச் சரியாகவே படுகிறது, டெல்டாவில் பெண் எடுத்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை.

பங்கு இல்லாதவர்கள் தாங்களாக ஒரு பங்கு எடுத்துக்கொண்டார்கள். கோடையில் தண்ணீர் பின்வாங்கினால், வெளியே வரும் நிலத்தை உழுதுவிடுவார்கள். வண்டல் படிந்த மண், உரம் வேண்டாம். நிலக்கடலை, சோளம், கம்பு, எள். சிலர் உழுவது அவர்கள் தாத்தா பெயரில் பட்டா இருந்த அதே இடம். இப்போது அது அரசு நிலம், அதனால் பயிர் போனால் கேட்க முடியாது.

2024 ஜூலை நடுவில் நீர்மட்டம் 50 அடிக்கும் கீழே இருந்தது. கரையெல்லாம் பயிர். அப்புறம் கர்நாடகத்தில் மழை கொட்டி, அங்கே அணைகள் நிரம்பி, ஒக்கேனக்கல்லில் வெள்ளம் வந்து, ஜூலை 30 அன்று மேட்டூர் 120 அடியைத் தொட்டது. இரண்டே வாரம். இரண்டு நாள் முன்னால் 28-ம் தேதி டெல்டாவுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். மாமனார் போனில் சிரித்துக்கொண்டே பேசினார், சம்பாவுக்கு விதை நெல் வாங்கப் போவதாகச் சொன்னார். நான் அந்த வாரம் கோட்டையூர்ப் பக்கம் ஒரு வேலையாகப் போயிருந்தேன். கரையில் நின்றிருந்த ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"கடலை போட்டிருந்தீங்களாம்மா?"

"போட்டிருந்தமுங்க. பூ எறங்குன சமயம், தண்ணி வந்துருச்சு."

"எவ்வளவு போச்சு?"

"அதெல்லாம் கணக்குப் பாத்தா இங்க வெள்ளாமை பண்ண முடியாதுங்க. கடல மூணு மாசத்துக்கு மேல நிக்குது, அதான் சிக்கல். வர்ற வருசம் எள்ளு போடலாம்னு இருக்கறோம். அது கொஞ்சம் முன்னாடியே கைக்கு வந்துரும்."